நாலாவது மாடியில் அண்ணன்

அண்ணனின் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சிறு சுரப்பி) கட்டி முதுகெலும்புக்குப் பரவிய பிறகுதான் அதற்குப் புற்றுநோய் என்று பெயர் வந்தது. மிக அரிதாம். ரங்கூனில் லிஃப்ட் இல்லாத வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்டு நான் கற்றது இது.

டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மருந்துக் கேப்ஸ்யூல் 28 நாளுக்கு ஒரு சுற்று, அதில் 5 நாள் மட்டும். முதலில் வாந்திக்கான மாத்திரை, அப்புறம் படுக்கும் நேரத்தில் வெறும் வயிற்றில் இது. உடைக்கக் கூடாது. இரத்தப் பரிசோதனை பார்த்த பிறகே அடுத்த சுற்று. முதுகுக்குக் கதிர்வீச்சு தனி.

பிட்யூட்டரி கெட்டால் உடலில் குறைந்துபோகும் கார்டிசோல் ஹார்மோனுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்டிசோனை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டுவது என்று டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். வாந்தியில் அந்த மாத்திரை தங்கவில்லையா, உடனே அதையே ஊசியாகப் போட வேண்டும். கரண்ட் இல்லாத ஒரு இரவில் விடியட்டும் என்று காத்திருந்தேன். பெரிய தப்பு.

காலைச் சாப்பாட்டுக்கு மொகிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ் சூப்) வாங்கப் போகுமுன் தினமும் என் கையை வைத்து, "அண்ணே, பாதத்தால தள்ளுங்க" என்பேன். பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தண்டுவடம் நசுங்கினால் நேரம்தான் எல்லாம்.

படியில் முதுகில் சுமக்காதீர்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒன்றாக உருளும்படி பலகைக்கு மாற்றி, மடித்த லுங்கிகளால் கட்டி, நாலு பேர் தூக்கவேண்டும். பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குமே சாமான் ஏற்றும் கயிறு, அதன் மணியை ஆட்டினால் கீழ்வீட்டுப் பையன்கள் ஓடிவருவார்கள்.