போக்கர் மேசையில் வாய் முதலில், கை பிறகு

கேசினோ போக்கரில் புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏமாற்றியதற்காக அல்ல, கை முந்தியதற்காக. பணத்துக்குப் பதிலான வில்லையான சிப்பைத் தொடும் முன்பே "ரெய்ஸ், 300" (பந்தயத்தை உயர்த்துகிறேன்) என்று சொல்லிவிட்டால் பாதித் தகராறு எழவே எழாது. தன் முறை வந்தபோது வாயால் சொன்னது அப்படியே செல்லும். அதன் பிறகு சிப்பை ஒரே மூச்சில் தள்ளினாலும் நாலு தடவையாகத் தள்ளினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

சொல்லாமல் தள்ளும்போதுதான் வினை. 100 பெட்டுக்கு (பந்தயத்துக்கு) எதிரே முதலில் 100 வைத்து, எதிராளியின் முகத்தை நோட்டம்விட்டு, பிறகு 200 எடுத்து வைத்தால் அது ஸ்ட்ரிங் பெட். முதலில் வைத்தது மட்டுமே கணக்கு, அதாவது வெறும் 'கால்' (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டுவது). "உன் 100-க்கு கால், அதுக்கு மேல இன்னொரு 300" என்று சினிமா பாணியில் பேசினாலும் இதே கதிதான். 'கால்' என்ற சொல்லோடு உங்கள் முறை முடிந்தது.

ஒற்றைச் சிப் விதியும் பலரைக் கவிழ்க்கும். சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகையான பிளைண்ட் 5/10 என்று வையுங்கள். வாய் திறக்காமல் ஒரே ஒரு 100 சிப்பை முன்னால் வைத்தால் அது 10-க்குக் கால், மீதி 90 திரும்பி வரும். ஃபுளாப் (மேசை நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) விழுந்து யாரும் பெட் கட்டாத நிலையில் அதே சிப்பை வைத்தால் அது 100 பெட். நடுவில் சேரும் பந்தயத் தொகையான 'பாட்'டுக்குள் சிப்பை வீசவும் கூடாது. எவ்வளவு விழுந்தது என்று சீட்டுப் போடும் டீலரால் எண்ண முடியாது. உங்களுக்கு நேர் முன்னால் வையுங்கள். பெரிய மதிப்புச் சிப்புகளைப் பின்னால் ஒளிக்காமல் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் அடுக்குங்கள்.

முறை வரும் முன்பே ஃபோல்ட் செய்வது (சீட்டைப் போட்டு விலகுவது) சின்னத் தவறாகத் தோன்றும். ஆனால் உங்களுக்கு முன்னால் ஆட வேண்டியவருக்கு அது இலவசத் தகவல். அவசரப்பட்டு முறை தவறி ரெய்ஸ் சொன்னால், டோர்னமென்ட்களில் பொதுவான வழக்கம் இது: இடையில் இருப்பவர்கள் செக் (பந்தயம் கட்டாமல் முறையைக் கடத்துவது), கால், ஃபோல்ட் மட்டும் செய்தால் உங்கள் ரெய்ஸ் உங்களைக் கட்டும், யாராவது பெட்டோ ரெய்ஸோ செய்தால் நீங்கள் புதிதாக முடிவெடுக்கலாம்.

சீட்டுகள் மேசையிலேயே இருக்கட்டும், மேலே ஒரு சிப்பை வையுங்கள். காவல் இல்லாத சீட்டை டீலர் தவறுதலாக மக்கில் (கழித்த சீட்டுக் குவியலில்) சேர்த்துவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. கடைசியில் காட்டும்போது உங்கள் இரண்டு சீட்டையும் நிமிர்த்தி வையுங்கள். எதிராளி "ஃபிளஷ்" (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) என்றதை நம்பி சீட்டை எறிந்தவர்கள், அது ஃபிளஷே இல்லை என்று பிறகு பார்த்துக் கைபிசைந்ததுண்டு. நிமிர்ந்த சீட்டுதான் பேசும், வாய் அல்ல. பாட் உங்கள் பக்கம் வரும்வரை சீட்டை விடாதீர்கள். முதலில் காட்ட வேண்டியவர், கடைசிச் சுற்றில் கடைசியாக பெட் அல்லது ரெய்ஸ் செய்தவர். எல்லோரும் செக் செய்திருந்தால், அந்தச் சுற்றில் முதலில் ஆட வேண்டியவர். ஜெயிக்கும் கையை வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இழுத்தடிப்பது ஸ்லோ ரோல். விதிமீறல் இல்லாவிட்டாலும் மேசை முழுக்க உங்களை வெறுக்கும்.

ஃபோல்ட் செய்தவருக்கு வாய்ப்பூட்டு. போர்டில் (நடுவிலுள்ள பொதுச் சீட்டுகளில்) 7-7-2 விழுந்ததும், 7-ஐத் தூக்கிப் போட்டவர் "அடடா" என்றால் மற்றவர்களின் கணக்கே மாறிவிடும். ஆட்டம் நடக்கும்போது பக்கத்து நண்பரிடம் தமிழில் பேசுவதும் பல கேசினோக்களில் தடை. என்ன பேசினீர்கள் என்று டீலருக்குப் புரியாது, அதுவே சந்தேகத்துக்குப் போதும். நண்பர் என்பதற்காக வலுவான கையோடு விட்டுக்கொடுத்து ஆடுவதும் கூட்டுச்சதியாகவே பார்க்கப்படும். கேஷ் ஆட்டத்தில் ஜெயித்த சிப்பில் ஒரு பகுதியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடர்வதும் தடைதான்.

தகராறு வந்தால் சிப்பையும் சீட்டையும் தொடாமல் "ஃபுளோர்" என்று கூப்பிடுங்கள். தீர்ப்பு டீலருடையது அல்ல, ஃபுளோர் மேலாளருடையது. அடுத்த ஆட்டம் தொடங்கும் முன்பே கூப்பிட வேண்டும்; சீட்டைக் கலைத்தபின் பழைய பாட் தொகையைத் திருத்த முடியாது.