கண்ணசைவை மின்சாரமாகப் பிடிப்பது எப்படி: என் மூக்குக்கண்ணாடி பரிசோதனை

கண்ணை அசைத்தே பட்டன் அழுத்த உதவும் ஒரு மூக்குக்கண்ணாடி செய்யப் பார்த்தேன். முதல் மூன்று வாரம் நான் புரோகிராமைத்தான் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கோளாறு கண்ணோரத்து நெற்றிப்பொட்டில் இருந்தது. அங்கே ஒட்டிய எலக்ட்ரோடின் (தோலிலிருந்து மின்சார சிக்னலை வாங்கும் சின்ன முனை) ஜெல் காய்ந்துபோயிருந்தது. அதனால் முதலில் தோல், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்னாலிருக்கும் கருவிழி பின்னாலிருக்கும் விழித்திரையைவிட நேர்மின்னழுத்தம் கொண்டது. வலப்பக்கம் பார்த்தால் கருவிழி வலது எலக்ட்ரோடை நெருங்கும், அங்கே மின்னழுத்தம் ஏறும். கண் திரும்பும் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 முதல் 20 மைக்ரோவோல்ட்தான் கிடைக்கும். ஆனால் கேமரா தேவையில்லை, இமை மூடியிருந்தாலும் தெரியும். தூக்கத்தை ஆராய்பவர்கள் இந்த முறையை விடாமல் வைத்திருப்பது அதனால்தான்.

எடுத்தவுடன் கண்ணாடிச் சட்டத்துக்குப் போகாதீர்கள். இ.சி.ஜி.க்கு ஒட்டும் வெள்ளி-வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடில் தொடங்குங்கள். இரண்டு கண்களின் வெளி ஓரத்திலும் ஒவ்வொன்று, ஒரு கண்ணுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று, கிரவுண்டுக்கு (சுற்றின் பொது இணைப்புக்கு) நடுநெற்றியில் ஒன்று. முகத்தை சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்தால் போதும். ஸ்பிரிட் வேண்டாம்; நான் ஒருமுறை தடவிவிட்டு, அரை மணி நேரம் கண்ணீரைத்தான் அளந்தேன். ஒட்டிய பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள், அலை ஓரளவு நிலைக்கு வரும்.

உடம்பில் வயர் இருக்கும்வரை எல்லாமே பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜரில் செருகிய லேப்டாப்போடு இணைக்கவே கூடாது. இதில் சமரசம் கிடையாது.

ஆம்ப்ளிஃபையர் சிக்னலை ஆயிரம் மடங்கு வரை பெருக்கட்டும். 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 30 அலைவுகளுக்கு, மேல் நமக்கு எதுவும் தேவையில்லை. சிக்கல் மெதுவான அலைவுகளில். நான் வாங்கிய இ.சி.ஜி. போர்டு 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். வலப்பக்கம் பார்த்து அப்படியே நிலைத்திருந்தேன். திரையில் கோடு ஏறியது, ஒரு விநாடிக்குள் நடுவுக்கு இறங்கிவிட்டது. கண் திரும்பவே இல்லை! போர்டில் உள்ள வடிகட்டிதான் கோட்டைத் திருப்பியது. எல்லையை 0.05 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் பார்வை எங்கே நிற்கிறது என்பது சில விநாடிகளாவது தங்கும், ஆனால் அலை மெல்ல நகர்ந்துகொண்டே போகும். என் முடிவு: பார்வை நிற்கும் இடத்தைத் தேடாதீர்கள், கண்ணின் தாவலைத் தேடுங்கள். இடமா வலமா, எவ்வளவு பெரிய தாவல் என்பது போதும். பட்டன் அழுத்துவதற்கு அதுவே தாராளம்.

ஒரு டிகிரிக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்று அளவு கட்டுவதற்கு ஒரு வசதியான தூரம் உண்டு. சுவரிலிருந்து 57 சென்டிமீட்டரில் கண் இருந்தால், சுவரில் 1 சென்டிமீட்டர் ஏறக்குறைய 1 டிகிரி. நடுவில் ஒரு புள்ளி, இருபக்கமும் 10, 20 சென்டிமீட்டரில் புள்ளிகள். தலையை அசைக்காமல் நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தாவிப் பாருங்கள். 20 டிகிரிக்கு 300 மைக்ரோவோல்ட் வந்தால், உங்கள் எண் டிகிரிக்கு 15. வெயிலிலிருந்து வந்தவுடன் செய்யாதீர்கள். வெளிச்சம் மாறினால் கண்ணின் மின்னழுத்தமும் சில நிமிடங்களில் மாறும். அதே அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கண் சிமிட்டினால் மேல்-கீழ் கோட்டில் ஒரு கூரான முகடு எழும், கிடைக்கோடு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பல்லைக் கடித்தால் இரண்டிலும் முள்முள்ளாய் இரைச்சல். சோதனையின்போது எதையும் மெல்லாதீர்கள், எனக்கு இது புரிய ஒரு நாள் போனது.

இவ்வளவும் சரியாக வந்தபின் கண்ணாடிக்கு மாறலாம்: மூக்குத் தாங்கிகள் இரண்டிலும் ஒவ்வொரு உலர் எலக்ட்ரோடு, இரு புருவத்துக்கும் நடுவே மூன்றாவது. சிக்னல் கண்ணோரத்தில் கிடைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். வியர்த்துக் கண்ணாடி வழுக்கினால் அலை எகிறும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் சுவர்ப் புள்ளிகளுக்குத் திரும்பி, அளவை மறுபடி கட்டித்தான் ஆக வேண்டும்.