பறக்கும் தட்டா, வெள்ளியா?

வானத்தில் புரியாத வெளிச்சம் தெரிந்தால் முதலில் மணியைப் பாருங்கள், நிமிடம் உட்பட. அடுத்து திசை, உயரம். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி என்று எண்ணினால் போதும். "தென்னைமர உயரத்தில் பறந்தது" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியில் அந்த ஊர், தேதி, நேரம் கொடுங்கள். பல சமயம் அதே இடத்தில் வெள்ளிக் கோள் நிற்கும். "இல்லை, நகர்ந்தது" என்பார்கள் பார்த்தவர்கள். இருட்டில் ஒற்றைப் புள்ளியை உற்றுப் பார்த்தால் அசைவது போலத்தான் தோன்றும். மாடிச் சுவர் விளிம்புக்கு நேராக அதை வைத்து, தலையைச் சாய்த்து முட்டுக்கொடுத்து, ஒரு நிமிடம் பாருங்கள். கோளானால் நகர்வு மிகமிகச் சொற்பமாகத்தான் இருக்கும்.

மணி கோத்தாற்போல் வரிசையாகப் போனால் புதிதாக ஏவிய ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள். சிமிட்டாமல் சில நிமிடம் ஓடி, நடுவானில் மங்கி மறைந்தால் பூமியின் நிழலுக்குள் நுழைந்த செயற்கைக்கோள் அல்லது விண்வெளி நிலையம். சிவப்பு, பச்சை விளக்கென்றால் விமானமா என்று ஃப்ளைட்ரேடார்24 செயலியில் பாருங்கள்.

படம் மட்டும் கையில் கிடைத்தால், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் எடுத்த நேரம் அழிந்துவிடும். படத்தில் தெருவிளக்கு இருக்கிறதா? அதிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாகக் கோடு இழுங்கள். மறுபக்கம் ஏறக்குறைய அதே தூரத்தில் 'தட்டு' இருந்தால், அது லென்ஸுக்குள் எதிரொளித்த விளக்குதான். ஓரம் வெட்டிய படத்தில் நடுப்புள்ளி மாறியிருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது.