கேரவன் பயணத்தில் காற்றடைக்கும் படகைக் கொண்டுசெல்லும் முறை

கேரவனில், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டியில், பயணம் போகும்போது காற்றடைக்கும் சிறு படகைக் காற்றிறக்கிச் சுருட்டிக் கொண்டுசெல்வதே நல்லது. ஊதிய நிலையில் கூரைமேல் கட்டினால் எதிர்க்காற்று அதைத் தூக்கப் பார்க்கும், வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒட்டுகளைச் சோதிக்கும்.

சுருட்டுவதற்கு முன் நன்னீரில் கழுவி, பக்கக் குழாயும் அடித்தளமும் சேரும் இடுக்கில் ஒளிந்திருக்கும் மணலை விரலால் தடவி எடுத்து, முழுதும் உலரவிட வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். மணலோ வழிநெடுக உரசிக்கொண்டே வரும். வால்வுக்கு எதிர்முனையிலிருந்து சுருட்டினால் எஞ்சிய காற்றும் வெளியேறிவிடும்.

எடை விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படகு, தரைப்பலகைகள், துடுப்புகள், மோட்டார் எல்லாம் சேர்ந்து கேரவனுக்கு அனுமதிக்கப்பட்ட சுமைக்குள் அடங்க வேண்டும். கனமானவற்றைத் தரைமட்டத்தில், சக்கர அச்சை ஒட்டி வைத்து வாரால் இறுக்குங்கள். பின்கோடியில் வைத்தால் இணைப்புக் கொக்கியின் மீதான எடை குறைந்து, வேகமெடுக்கும்போது கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். காரின் டிக்கியில் இடமிருந்தால் படகுச் சுருளை அங்கே வைப்பதையே நான் விரும்புவேன்.

மோட்டாரிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைத் தயாரிப்பாளர் குறிப்பிடும் பக்கமாகவே படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் எண்ணெய் சிலிண்டருக்குள் புகக்கூடும். பெட்ரோல் கேனை, காலியாக இருந்தாலும், படுத்துறங்கும் இடத்தில் வைக்கவே கூடாது.