எடைமேடைக்கு ஒரு சீரியல் போர்ட்: பழைய கணினியில் கார்டு மாட்டிய கதையும் செய்முறையும்

மன்னார்குடிப் பக்கம் என் மாமாவுக்கு ஒரு அரிசி ஆலை இருக்கிறது. வாசலில் லாரி எடைமேடை. எடையை எண்ணாகக் காட்டும் அதன் இண்டிகேட்டர் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் ஆபீஸ் அறைக்கு வந்து, கணினியின் பின்னாலிருக்கும் 9 முள் சீரியல் போர்ட்டில் செருகியிருக்கும். லாரி ஏறி நின்றால் எடை திரையில் விழும், கணக்குப்பிள்ளை பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். போன ஐப்பசியில், குறுவை நெல் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு ராத்திரி இடி இறங்கி அந்தப் போர்ட் போய்விட்டது. மற்றபடி கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

"புதுசு வாங்கிடலாமாடா?" என்றார் மாமா. எடைச்சீட்டு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் அந்தத் தொழிலையே விட்டுப் போய்விட்டார். அது ஓடுவது விண்டோஸ் 7-ல். புதுக் கணினியில் அது எழுந்திருக்குமா என்று சோதித்துப் பார்க்க, வாசலில் நெல் லாரிகள் நிற்கும் மாதம் ஏற்ற மாதம் இல்லை. அதனால் புதுச் சீரியல் போர்ட் தரும் கார்டு ஒன்று வாங்கிக் கணினிக்குள் மாட்டினேன். மாட்ட 10 நிமிடம் ஆனது. வேலை செய்ய வைக்க 4 நாள்.

யூஎஸ்பியைச் சீரியலாக்கும் கன்வெர்ட்டர் போதாதா?

வீட்டில் எதையாவது சோதிக்கப் போதும். ஆலையில் வேண்டாம் என்பது என் கட்சி. கூட்டும்போது யாராவது கழற்றி வேறு துளையில் செருகினால் விண்டோஸ் தரும் போர்ட் எண் (காம்1, காம்2 என்பது) மாறிவிடும். மின்சாரம் ஒரு நொடி துடித்தால் சில கன்வெர்ட்டர்கள் மயங்கிவிடும்; பிடுங்கிச் செருகினால்தான் எழும். கார்டு உள்ளே இருப்பதால் யார் கையும் படாது.

வாங்கும் முன் பெட்டியைத் திறங்கள்

முதலில் மதர்போர்டில் 10 முள் இடத்தில் 9 முள் மட்டும் நிற்கும் ஒரு சின்ன வரிசை இருக்கிறதா, பக்கத்தில் காம்1 அல்லது காம்2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கார்டே தேவையில்லை, அங்கிருந்து பெட்டியின் பின்பக்கத்துக்குப் போர்ட்டைக் கொண்டுவரும் பிராக்கெட் கேபிள் ஒன்று போதும். ஆனால் அந்தக் கேபிளில் இரண்டு விதமான கம்பி அடுக்கு உண்டு. வெளியே ஒரே மாதிரி இருக்கும், மாற்றி வாங்கினால் ஓடாது. மாமா கணினியிலும் காம்2 வரிசை இருந்தது. வேண்டுமென்றேதான் அதைத் தொடவில்லை. அடுத்த இடி அந்த வழியாக வந்தால் போர்டே போகும். கார்டு என்றால் பெரும்பாலும் கார்டோடு நிற்கும் என்று ஒரு நப்பாசை.

அடுத்து, கார்டு செருகும் ஸ்லாட் எந்த ரகம் என்று பாருங்கள். நீளமாக, பெரும்பாலும் வெள்ளையாக இருப்பது பிசிஐ. கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டியாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். இரண்டுக்கும் கார்டு வேறு வேறு, ஒன்று மற்றதில் ஏறாது. எக்ஸ்பிரஸின் குட்டிக் கார்டு அதே இனத்து நீள ஸ்லாட்டில் ஏறும், ஓடும். 90-களின் கணினியில் கறுப்பாக, இன்னும் நீளமாக ஐஎஸ்ஏ இருக்கும். அந்தக் கார்டில் ஜம்பரை (முட்களை இணைக்கும் குட்டி மூடி) நகர்த்தி, போர்ட்டின் முகவரியும் ஐஆர்க்யூவும் (போர்ட் செயலியைக் கூப்பிடும் மணியின் எண்) நாமே வைக்க வேண்டும். காம்1-க்கு 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம்2-க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம்3 மறுபடியும் 4, காம்4 மறுபடியும் 3. பிசிஐ கார்டுகள் ஐஆர்க்யூவைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஐஎஸ்ஏவில் அது நடக்காது. காம்1-ம் காம்3-ம் ஒரே நேரத்தில் வேலை செய்தால் தொங்கும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மென்பொருள் விண்டோஸுக்கு முந்தைய சுத்தமான டாஸில் ஓடி 3எஃப்8-ஐ நேராகத் தட்டும் ரகம் என்றால் பிசிஐ கார்டு உதவாது. அதன் முகவரியை, கணினியை எழுப்பும் பயாஸ் வேறெங்கோ வைக்கும். உங்களுக்கு ஐஎஸ்ஏ, இல்லாவிட்டால் அந்த 9 முள் வரிசை.

மாட்டுவது

மின்கம்பியைப் பிடுங்குங்கள், பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். ஆலைக் கணினி என்றால் ஸ்லாட்டுக்குள் உமித்தூசி அடைந்திருக்கும், புளோயரால் ஊதுங்கள். கார்டின் தங்கப் பற்களைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் ஒரு முறை தேய்த்துவிட்டு, நேராக அழுத்தி, திருகு போடுங்கள். அவ்வளவுதான்.

மாட்டும் முன் ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கார்டில் இருக்கும் பெரிய சிப்பின் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போன பிறகு அது கண்ணில் படாது.

டிரைவர்

கார்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதற்காகக் கூட வரும் குட்டி சிடியை நம்பாதீர்கள். எனக்கு வந்த சிடியில் வேறு ஏதோ கார்டின் டிரைவர் இருந்தது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதன் பண்புகளுக்குப் போய் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் வெண்டர் எண் (சிப் தயாரிப்பாளரின் எண்) 9710 என்றால் மாஸ்சிப். 4348 அல்லது 1சி00 என்றால் டபிள்யூசிஎச். சிப் பெயரைக் கொண்டு அந்தத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இறக்குங்கள், 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து. பழைய கணினிக்கு என் விருப்பம் டபிள்யூசிஎச் 352 போட்ட பிசிஐ கார்டு. சிப் பெயரைச் சுரண்டி அழித்த கார்டு கிடைத்தால் வாங்கிய வேகத்தில் திருப்பி அனுப்புங்கள்.

எண் தகராறு

டிரைவர் போட்டதும் காம்3, காம்4 என்று இரண்டு போர்ட் முளைத்தன. மென்பொருளுக்கோ காம்1 தவிர உலகமே தெரியாது. காம்1 என்ற பெயரைச் செத்த போர்ட் பிடித்துக்கொண்டிருந்தது.

கணினி எழும்போது டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், ஆன்போர்டு சீரியல் போர்ட் 1 என்பதை டிஸேபிள் செய்யுங்கள். சில போர்டில் இது இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் என்பதற்குள் இருக்கும், சிலவற்றில் சூப்பர் ஐஓ என்பதற்குள். பிறகு விண்டோஸில், டிவைஸ் மேனேஜரில் கார்டின் போர்ட்டைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, அங்கே எண்ணை காம்1 ஆக்குங்கள். "பயன்பாட்டில் உள்ளது" என்று அது தடுக்கும். பழைய போர்ட்டின் ஆவிதான் அது. பயாஸில் அணைத்துவிட்டீர்கள் என்பது உறுதியானால் தைரியமாக ஆம் சொல்லலாம். ஆவியை அடியோடு ஓட்ட நினைத்தால், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் காம்1-ஐ நீக்குங்கள்.

கார்டைத் தனியாகச் சோதியுங்கள்

எடைமேடைக் கேபிளை இப்போதே செருகாதீர்கள். போர்ட்டின் அகல வரிசை மேலே இருக்கும்படி பார்த்தால் இடமிருந்து 1, 2, 3, 4, 5. அதில் 2 வாங்குவது, 3 கொடுப்பது, 5 தரை. 2-ஐயும் 3-ஐயும் இணையுங்கள். ஒரு பெண் (துளையுள்ள) கனெக்டரில் அந்த இரண்டை மட்டும் பற்றவைத்து நான் பையிலேயே வைத்திருக்கிறேன். சீரியல் போர்ட்டோடு பேசும் டெராடெர்ம் நிரலைத் திறந்து, ஃப்ளோ கண்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தி ஓட்டும் ஏற்பாடு) வேண்டாம் என்று வைத்து, ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் வந்து, கனெக்டரைக் கழற்றியதும் வருவது நின்றால் கார்டு நலம். புட்டி என்ற நிரலும் போதும்தான், ஆனால் அமைப்பை மாற்ற ஒவ்வொரு தடவையும் மெனுவில் அலைய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதற்கான ஹைப்பர்டெர்மினல் கூடவே இருந்தது; விஸ்டாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

கேபிள்

நேர்க் கேபிளா, 2-ம் 3-ம் இடம் மாறிய குறுக்குக் கேபிளா என்று மூளையைக் கசக்க வேண்டாம். இண்டிகேட்டரை ஓடவிட்டு, கேபிளின் கணினிப் பக்க முனையில் மல்ட்டிமீட்டர் வையுங்கள். டிசி 20 வோல்ட், கறுப்பு 5-ல், சிவப்பு 2-ல். கழித்தல் 5 முதல் கழித்தல் 12 வரை காட்டினால் சரி. தொடர்ந்து எடை அனுப்பும் இண்டிகேட்டர் என்றால் எண் ஆடும், ஆடட்டும். 2-ல் ஒன்றுமே இல்லாமல் 3-ல் காட்டினால் 2-ம் 3-ம் மாறியிருக்கிறது, குறுக்கே மாற்றுங்கள்.

இனி வேகம், அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பது. இண்டிகேட்டரின் அமைப்பில் 9600 அல்லது 2400 என்று இருக்கும், அதையே இங்கும் வையுங்கள். வேகம் சரியாக இருந்தும் எடை பாதி சரியாக, பாதி கிறுக்கலாக வந்தால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. 0, 3, 5, 6, 9 மட்டும் ஒழுங்காக வந்து 1, 2, 4, 7, 8 மட்டும் விநோத எழுத்தாக வந்தால், அந்தப் பக்கம் 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் சரிபார்ப்பு பிட்டோடு) பேசுகிறது, நீங்கள் 8 பிட், பாரிட்டி இல்லாமல் கேட்கிறீர்கள். ஒற்றைப்படையில் ஒன்றுகள் வரும் இலக்கத்துக்குப் பாரிட்டி பிட் 1 ஆகிவிடும், அது எட்டாவது பிட்டாக ஒட்டிக்கொண்டு எழுத்தையே மாற்றிவிடும். இதை நான் தாளில் எழுதிப் பார்த்துத்தான் பிடித்தேன், ராத்திரி 11 மணிக்கு.

எலிக்குப் பேய் பிடித்தது

எடை வந்தது. சீட்டும் வந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் காலை 7 மணிக்குக் கணக்குப்பிள்ளை போன் செய்தார். "தம்பி, எலி பேய் புடிச்ச மாதிரி ஓடுது. அதுவா கிளிக் பண்ணுது. பில்லை எல்லாம் திறந்து திறந்து மூடுது."

போய்ப் பார்த்தால் உண்மைதான். மவுஸைத் தொடவே இல்லை, அம்பு திரை முழுக்கத் தாவுகிறது. மென்பொருளைத் திறந்தால் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்கிறது. மவுஸை மாற்றினேன். மறுபடி மாற்றினேன். வைரஸ் தேடினேன். வாசலில் லாரி ஓட்டுநர்கள் டீ குடித்துவிட்டு வந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். இரண்டு நாள் கையால் சீட்டு எழுதினோம். மூன்றாம் நாள் தற்செயலாக சீரியல் கேபிளைக் கழற்றியபடியே கணினியை எழுப்பினேன். அம்பு சாதுவாக நின்றது. செருகி எழுப்பினேன். ஆட்டம்!

விஷயம் இதுதான். ஒரு காலத்தில் மவுஸே சீரியல் போர்ட்டில்தான் செருகும். கணினி எழும்போது விண்டோஸ் ஒவ்வொரு சீரியல் போர்ட்டையும் திறந்து, "யாராவது மவுஸ் இருக்கிறீர்களா?" என்று 1200 வேகத்தில் காது கொடுக்கும். மவுஸ் இருந்தால் தன் அடையாள எழுத்தை அனுப்பும். நம் இண்டிகேட்டர் யாரும் கேட்காமலே 9600 வேகத்தில் எடையை ஓதிக்கொண்டே இருக்கிறது. வேகம் பொருந்தாத அந்தக் குப்பையில் தற்செயலாக மவுஸின் எழுத்து மாதிரி ஒன்று விழுந்தால், எடைமேடையே மவுஸ் என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். அதன்பின் காலி மேடையின் சுழியம் கூட அம்பை இழுக்கும்.

இத்தனை வருடம் ஏன் வரவில்லை? முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை கணினியைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டுத்தான் இண்டிகேட்டரைப் போடுவார். இடி விழுந்த பிறகு நான்தான் புத்திசாலித்தனமாக இண்டிகேட்டரை யூபிஎஸ்ஸில் கொடுத்து, எப்போதும் ஓடும்படி செய்திருந்தேன்.

தீர்வுக்கு வருவோம். கேபிளைச் செருகியபடியே கணினியை எழுப்புங்கள். அம்பு ஆட ஆரம்பித்ததும் கேபிளைக் கழற்றுங்கள், அடங்கும். டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பகுதியில் உங்கள் மவுஸோடு சீரியல் பால்பாயிண்ட் என்று இன்னொன்று நிற்கும். அதை வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள். அன்இன்ஸ்டால் கொடுக்காதீர்கள், அடுத்த முறை எழும்போது திரும்ப வந்துவிடும். நான் முதலில் அதைத்தான் செய்து ஒரு காலைப் பொழுதை இழந்தேன். இரண்டாவது வழி, இண்டிகேட்டரைத் தொடர்ந்து அனுப்பாமல், பொத்தானை அழுத்தினால் மட்டும் அனுப்பும்படி வைப்பது. உங்கள் மென்பொருள் ஒத்துக்கொண்டால் அதுவே மேல்.

பிறகு சேர்த்தவை

திருவாரூரிலிருந்து ஒருவர், கார்டு உள்ளே போகிறது, பெட்டி மூடவில்லை என்று எழுதினார். அவருடையது ஒல்லி ரகக் கணினி. அதற்கு அரை உயர பிராக்கெட் (கார்டின் முனையில் இருக்கும் இரும்புத் தகடு) வேண்டும். வாங்கும்போதே இரண்டு பிராக்கெட்டும் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

இன்னொருவர், கடை பில் எந்திரத்துக்கான கார்டை வாங்கி எடைமேடைக்குப் போட்டிருந்தார். அந்த ரகத்தில் 9-ஆம் முள்ளில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் தர ஒரு ஜம்பர் இருக்கும், பார்கோடு கருவிக்கு மின்சாரம் கொடுக்க. எடைமேடைக்கு அது தேவையில்லை. கேபிளைச் செருகும் முன் ஜம்பரை மின்சாரம் தராத ஆர்ஐ பக்கம் வையுங்கள்.

இடிக்கு என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். கேபிளின் நடுவே ஒரு ஆப்டோ ஐசொலேட்டர் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துத் தரையும் தொடாமல் ஒளியால் செய்தியைத் தாண்டவைக்கும். நேரே விழும் இடியை அது தடுக்காது. மழைக்காலத்தில் ஆலையைப் பூட்டும்போது கேபிளைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் கேபிள் 12 மீட்டர். 15-க்கு மேல் போனால் இந்தச் சீரியல் முறையான ஆர்எஸ்-232-ஐ விட்டுவிட்டு, தூரம் தாங்கும் ஆர்எஸ்-485-க்கு மாறுங்கள்.

கடைசியாக, தை மாதம் சம்பா நெல் வந்தபோது மறுபடி போன். "தம்பி, எலிதான்." டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். "அந்த எலி இல்ல தம்பி, நிஜ எலி. வயரைக் கடிச்சிருக்கு." இப்போது கேபிள் முழுக்க பிவிசி குழாய்க்குள் போகிறது. குழாயின் இரண்டு வாயையும் எம்-சீல் வைத்து அடைத்திருக்கிறோம்.