சோலைக் கன்று வளர்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மூணாறு, வட்டவடை பக்கம் கிராண்டிஸ் (யூகலிப்டஸ்), வாட்டில் என்ற வெளிநாட்டு மரங்களை அகற்றிய இடங்களில் சோலை மரம், அதாவது உயர்மலைக் குளிர்க்காட்டு மரம், நடலாம் என்று புதிதாக நாற்றங்கால் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் அடித்த கூத்தையே அவர்களும் அடிக்கிறார்கள். தண்ணீரைக் கொட்டுவது, பையில் ஓட்டை போடாதது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதைக் கன்றே வாடிக் காட்டிவிடும்.

ஒரே மரத்து விதை

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். ரோட்டோரம் கிளை தாழ்ந்த காட்டுநாவல் ஒன்று காய்த்துக் கொட்டும். சாக்கோடு போய் அள்ளிவந்து, முளைத்ததையெல்லாம் ஒரே சரிவில் நட்டுவிடுவார்கள். பச்சைப்பசேல் என்று நிற்கும், போட்டோவும் எடுப்பார்கள். அத்தனையும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

கன்று கொண்டுவந்த ஒருவரிடம், "எத்தனை மரத்து விதைண்ணே?" என்று கேட்டேன். "நல்ல மரம் தம்பி, கொத்துக்கொத்தா காய்க்கும்" என்றார். கேள்வியே அவருக்குப் போய்ச் சேரவில்லை.

பரந்த காடாக இருந்தால் அக்கம்பக்கத்து மரங்களின் மகரந்தம் வந்து ஓரளவு சரிக்கட்டும். சோலைகள் அப்படியில்லை. சுமார் 1,500 மீட்டருக்கு மேல், குளிர்ந்த மலைமடிப்புகளில் துண்டு துண்டாக ஒதுங்கி நிற்பவை. சுற்றிலும் புல்வெளி, கீழே தேயிலை, அதற்கும் கீழே வெக்கையான தாழ்நிலம். இந்த உச்சிகளை வான்தீவுகள் என்பது அதனால்தான். அங்கே உடன்பிறப்புகளுக்குள்ளேயே மகரந்தம் மாறினால் அடுத்த தலைமுறையில் விதை பொக்காகும், கன்று சோனியாகும். மரம் காய்க்கவே பல வருடம் ஆவதால், நட்டவருக்கு விஷயம் தெரியும்போது சரிவு முழுக்க அதே மரம்தான் நிற்கும்.

குச்சி வெட்டிக் கன்று எடுப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பெரியாறு, அகத்தியமலைக் காடுகளின் நிறம்பல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே கூம்புத்தாவர மரம் அது. ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். ஒரே ஆண் மரத்துக் குச்சியில் நூறு கன்று எடுத்தாலும் ஒரு விதை தேறாது.

முடிந்தவரை 20, 30 தாய்மரங்களைத் தேடுங்கள். ஒன்றுக்கொன்று 50 முதல் 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பக்கத்துப் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு எடுத்து, மர எண்ணையும் இடத்தையும் பையிலேயே எழுதுங்கள். அரிய மரமா, பத்துதான் கிடைத்ததா? சரி, பத்திலும் எடுங்கள்.

ஊட்டியிலிருந்து விதை

வேண்டாம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கி.மீ. அகலம். அதன் இரு பக்கமும் சோலைக்கிளி என்ற சின்னப் பறவைகளே (கிளியல்ல) வெவ்வேறு இனமாகப் பிரிந்துவிட்டன. மூணாற்றுச் சரிவுக்கு மூணாற்று விதையே போதும்.

வெயிலில் காயவைப்பது

கேழ்வரகு மாதிரி முற்றத்தில் பரப்பினால் நாவல் வகை விதை செத்துவிடும். உள்ளிருக்கும் ஈரம் வற்றினால் அதற்கு உயிரில்லை. சதையைக் கழுவி, நிழலில் வைத்து, கூடிய சீக்கிரம் ஊன்றுங்கள்.

புல்வெளியில் நடுவது

புல்வெளி தரிசு இல்லை. வரையாடும், 2018இல் பூத்த குறிஞ்சியும் வாழும் இடம் அது. போதாக்குறைக்கு, திறந்த புல்வெளியில் ஜனவரி உறைபனி இளங்கன்றைக் கருக்கிவிடும். சோலை விளிம்பை ஒட்டி, முன்பு மரம் இருந்து அழிந்த பள்ளங்களில் நடுங்கள்.

அனுமதி

வனத்துறையிடம் கேட்காமல் காப்புக்காட்டில் ஒரு காய்கூடப் பொறுக்காதீர்கள்.

நிழல்வலை

முதல் வருடம் கட்டுங்கள். நடுவதற்குச் சில வாரம் முன்பு கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.