மியூனிக்ல ஞாயித்துக்கிழமைய எப்படி ஓட்டுறது: புதுசா வர்றவங்களுக்கு

மியூனிக் வந்த முதல் வாரம் ஜெட்லாக், ஆபீஸ், ரூம் தேடுறதுன்னு எப்படியோ ஓடிடும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு, எந்திரிச்சு வீட்டுக்கு வீடியோ கால் பேசி முடிச்சு, எட்டேகாலுக்கு பால் வாங்கலாம்னு கீழ இறங்கிப் போனா சூப்பர்மார்க்கெட் உள்ள ஒருத்தர் தரை தொடைச்சுட்டு இருப்பார், கதவு திறக்காது. சரி காலைல வாங்கிக்கலாம்னு திரும்பி வந்துடுவீங்க.

காலைல ஞாயித்துக்கிழமை, ஊரே பூட்டு. என்னோட முதல் ஞாயித்துக்கிழமை அம்மா கட்டிக் குடுத்த பருப்புப்பொடியும் சோறும்தான், நெய் கூட கிடையாது, ஜன்னல் வழியா பாத்தா தெருவுல ஒரு ஆள் இல்ல, ஏதோ பந்த் போலன்னு நெனச்சேன். பேங்க் அக்கவுண்ட், டாக்ஸ், விசா இதெல்லாம் ஆபீஸ்லயே யாராச்சும் சொல்லிக் குடுத்துடுவாங்க, இந்த ஞாயித்துக்கிழமைய பத்தி மட்டும் எவனும் வாயத் திறக்க மாட்டான். அதனால நான் சொல்றேன்.

பேப்பர் வேலைல ரெண்டே விஷயம் மட்டும் சொல்லிட்டு தாண்டிடறேன். வீடு மாறின ரெண்டு வாரத்துக்குள்ள அன்மெல்டுங், அதாவது நான் இந்த அட்ரஸ்ல இருக்கேன்னு பதிவு பண்ணணும், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்து போட்ட ஒரு பேப்பர் வேணும், வீடு பேசும்போதே அத கேட்டு வாங்கிடுங்க. ரெண்டாவது லெட்டர் பாக்ஸ். இங்க டாக்ஸ் நம்பர்லேர்ந்து பேங்க் கார்டு வரைக்கும் எல்லாம் தபால்லதான் வரும், லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர் இல்லன்னா போஸ்ட்மேன் யோசிக்கவே மாட்டார், திருப்பி அனுப்பிடுவார். நம்மாளுங்களுக்கு இதுல ஒரு எக்ஸ்ட்ரா சிக்கல். பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல அப்பா பேர் இருக்கும், அதனால வர்ற லெட்டரெல்லாம் "ஹெர்" (அதாவது மிஸ்டர்) போட்டு அப்பா பேர்லதான் வரும், நான் பந்தாவா பாக்ஸ்ல என் பேர மட்டும் ஒட்டி வெச்சிருந்தேன். கார்டு ஒரு தடவை திரும்பிப் போயி, மறுபடி அனுப்பச் சொல்லி, அதுவும் திரும்பிப் போனப்புறம்தான் கீழ் வீட்டு பாட்டி பாக்ஸ காட்டி சைகைல புரிய வெச்சாங்க. ரெண்டு பேரையும் ஒட்டிடுங்க. ஆபீஸ்லயும் முதல் ஒரு மாசம் உங்க அப்பாவத்தான் கூப்பிடுவாங்க, திரும்பிப் பாக்கப் பழகிக்கோங்க.

இப்ப சனிக்கிழமைக்கு வருவோம். மியூனிக் இருக்கற பவேரியா மாநிலத்துல கடைங்க எட்டு மணிக்கு மூடிடும், அதுக்குள்ள ரெண்டு நாள் சாமான் வாங்கிடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே போய்ட்டா இன்னும் நல்லது, சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மேல பில்லிங் க்யூ தாங்காது. பில் போடுறவங்க ஸ்பீடு வேற, நீங்க முதல் தக்காளிய பைல போடுறதுக்குள்ள மொத்தமும் ஸ்கேன் பண்ணி பணத்துக்கு நிமிர்ந்து பாப்பாங்க, பதட்டப்படாம எல்லாத்தையும் அள்ளி டிராலில திருப்பிப் போட்டு ஓரமா போய் அடுக்கிக்கோங்க, எல்லாரும் அதத்தான் பண்றாங்க. தயிருக்கு 3.8 பர்சென்ட் கொழுப்பு போட்ட நாட்டூர்யோகர்ட் எடுத்தீங்கன்னா கிட்டத்தட்ட நம்மூர் தயிர். தண்ணி பாட்டில் மேல "ஷ்டில்"னு போட்டிருக்கான்னு பாக்கணும், இல்லன்னா சோடா, ஆறு பாட்டில் சோடாவ வெச்சுக்கிட்டு ரசம் வைக்க முடியாது (முயற்சி பண்ணேன், விடுங்க). உண்மைய சொன்னா தண்ணியே வாங்க வேணாம், குழாய்ல வர்றது பெரும்பாலும் மாங்ஃபால் பள்ளத்தாக்கு தண்ணி, 1883லேர்ந்து அங்கேர்ந்துதான் ஊருக்கு வருது, தாராளமா குடிக்கலாம். வாங்கிட்டீங்கன்னா காலி பாட்டில தூக்கிப் போட்டுடாதீங்க, ஒருதடவை யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட் ஃபான்ட், அதாவது டெபாசிட், கடைல இருக்கற மெஷின்ல போட்டா சீட்டு வரும், அத பில்லுல கழிச்சுப்பாங்க. கண்ணாடி ஜாடிக்கு டெபாசிட் கிடையாது, அது தெருமுனை டப்பாக்கு. அதையும் ஞாயித்துக்கிழமை போடக்கூடாது, சத்தம் வருமாம்.

சத்தம்னதும்தான் ஞாபகம் வருது, ஞாயித்துக்கிழமை முழுக்க அமைதி நேரம்னு ஒரு கணக்கு இருக்கு, டிரில்லிங் மெஷின், சுத்தியல் எதையும் தொடக்கூடாது. என் குக்கர் நாலு விசில் அடிச்ச அன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரர் கதவ தட்டி ஃபயர் அலாரமான்னு கேட்டார். உள்ள கூப்பிட்டு குக்கர காட்டினேன், ரொம்ப நேரம் பாத்துட்டு போயிட்டார், அதுக்கப்புறம் அவர் வரல, நானும் பருப்ப சனிக்கிழமையே வேகவெச்சிடறேன்.

பால் இல்லாம மாட்டிக்கிட்டா ஹாப்ட்பான்ஹோஃப், ஓஸ்ட்பான்ஹோஃப் மாதிரி பெரிய ஸ்டேஷன் உள்ள இருக்கற கடைங்க திறந்திருக்கும், பேக்கரியும் காலைல கொஞ்ச நேரம் இருக்கும். பண்டிகை லீவும் ஞாயித்துக்கிழமை மாதிரிதான். பவேரியால கத்தோலிக்க ஊருங்களுக்கு வருஷத்துக்கு 13 லீவு, மியூனிக்கும் அதுல சேர்த்தி. ஈஸ்டர்ல வெள்ளி லீவு, சனிக்கிழமை ஒரு நாள் கடை, அப்புறம் ஞாயிறு திங்கள் மறுபடி பூட்டு, அந்த சனிக்கிழமை கடைக்குள்ள போய்ப் பாருங்க, நம்மூர் தீபாவளிக்கு முந்தின நாள் தோத்துடும்.

வீட்டுக்குள்ளயே உக்காந்தா இந்த ஊர் ஞாயித்துக்கிழமை ஆள தின்னுடும், அதுவும் டிசம்பர்ல நாலரைக்கே இருட்டிடும். ஜெர்மன்காரங்களே அன்னைக்கு வீட்டுல இருக்க மாட்டாங்க, ஷூ மாட்டிக்கிட்டு எங்கயாச்சும் மலை ஏறப் போயிடுவாங்க. நாமளும் கிளம்ப வேண்டியதுதான். டாய்ச்லாண்ட் டிக்கெட்னு மாசாமாசம் காசு பிடிக்கற ஒரு பாஸ் இருக்கு, அத எடுத்துக்கோங்க, 2023ல 49 யூரோல ஆரம்பிச்சு இப்ப 2026ல 63 ஆயிடுச்சு, இருந்தாலும் எஸ்-பான் (புறநகர் ட்ரெயின்), யூ-பான் (மெட்ரோ), டிராம், பஸ், ரீஜனல் ட்ரெயின் எல்லாத்துக்கும் நாடு முழுக்க அது ஒண்ணு போதும், ஐசிஇ, ஐசி மாதிரி எக்ஸ்பிரஸ்ல மட்டும் ஏறிடாதீங்க. வேணாம்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணிடணும், நாள் தவறிட்டா அடுத்த மாச காசும் போயிடும். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருந்தா பவேரியாக்குள்ள சுத்தற ஒரு நாள் பாஸ், பையர்ன் டிக்கெட் லாபம், ஒரு டிக்கெட்ல அஞ்சு பேர் வரைக்கும் போகலாம், வீக் டேஸ்ல காலை ஒன்பதுக்கு மேலதான் செல்லும், சனி ஞாயிறுல நடுராத்திரிலேர்ந்தே. டிக்கெட் மேல பேர் எழுத மறந்துடாதீங்க. டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ, தெரியாது சார்னு சொன்னாலும் 60 யூரோதான்.

முதல் அவுட்டிங் எங்கன்னு கேட்டா நான் டேகர்ன்சே ஏரின்னுதான் சொல்வேன், ட்ரெயின்ல ஒரு மணி நேரம் சொச்சம். ஆனா ஒரு விஷயம், இந்த ட்ரெயின் வழில பிரியும். ஹோல்ட்ஸ்கிர்ஹன்ல ஒரு துண்டு கழண்டு பைரிஷ்செல்லுக்குப் போகும், மீதி ஷாஃப்ட்லாஹ்ல மறுபடி ரெண்டாகி ஒண்ணு டேகர்ன்சேக்கும் இன்னொண்ணு லெங்கிரீஸுக்கும் போகும். இது தெரியாம நானும் ஃப்ரெண்டும் ஜன்னல் சீட் கிடைச்ச சந்தோஷத்துல கிடைச்ச பெட்டில உக்காந்து கதை பேசிட்டே போனோம், அனவுன்ஸ்மென்ட் ஜெர்மன்ல ஏதோ நீளமா சொன்னான், நாங்க புளியோதரை டப்பாவ திறக்கலாமா இன்னும் கொஞ்சம் போகட்டுமான்னு பேசிட்டு இருந்தோம். ஏரி வரும் வரும்னு பாத்தா பாட் டோல்ஸ்னு ஒரு ஸ்டேஷன் வந்துச்சு. இறங்கி, திட்டிக்கிட்டே நடந்து, இஸார் ஆத்தங்கரைல உக்காந்து புளியோதரைய சாப்பிட்டுட்டு வந்தோம், அந்த ஊரும் நல்லாத்தான் இருந்துச்சு. பெட்டிக்குப் பெட்டி உள்ள போர்டுல போற ஊர் பேர் ஓடும், உக்கார்றதுக்கு முன்னாடி அத பாருங்க, சந்தேகமா இருந்தா பக்கத்துல இருக்கறவங்க கிட்ட ஊர் பேர மட்டும் சொல்லிக் கேட்டாலே போதும், தலையாட்டிடுவாங்க.

எல்லாரும் முதல்ல ஓடுறது நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்கு. ஃப்யூசன் வரைக்கும் ரெண்டு மணி நேரம் ட்ரெயின், அங்கேர்ந்து பஸ், அப்புறம் அரை மணி நேரத்துக்கு மேல ஏத்தம், உள்ள சுத்திக் காட்டுறது அரை மணி நேரம் சொச்சம், போட்டோ எடுக்க விட மாட்டாங்க, டிக்கெட்ல போட்ட நேரத்த தவற விட்டா அதோட முடிஞ்சுது. ரெண்டாம் லுட்விக் ராஜா கட்டினது, அவர் 1886ல செத்து ஏழு வாரத்துல டிக்கெட் போட்டு பொதுமக்கள விட ஆரம்பிச்சுட்டாங்க, கூட்டம் இன்னும் குறையல, 2025ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் வந்தாச்சு, இனிமே கேக்கவே வேணாம். வீட்டுக்கு போட்டோ அனுப்பணும்ங்கறதுக்காக ஒரு தடவை போய்ட்டு வாங்க, வெளில மரியன் பாலத்துலேர்ந்து பாத்தாலே எனக்குப் போதும்னு இருந்துச்சு.

எனக்குப் பிடிச்சது எஸ்8 பிடிச்சு கடைசி ஸ்டாப் ஹெர்ஷிங்ல இறங்கி, காட்டு வழியா ஒரு மணி நேரம் ஏறி ஆண்டெக்ஸ் மடாலயம் போறது. இலையுதிர் காலத்துல அந்தப் பாதைல சருகு கணுக்கால் வரைக்கும் கிடக்கும், மழை பெஞ்சிருந்தா வழுக்கும், ஸ்போர்ட்ஸ் ஷூ வேணாம், நல்ல கிரிப் இருக்கற ஷூ வாங்கிடுங்க. முழு நாள் இருந்தா கோனிக்சே ஏரி, பெர்ஹ்டெஸ்காடன் வரைக்கும் ட்ரெயின், அப்புறம் பஸ், அந்த ஏரில 1909லேர்ந்து எலக்ட்ரிக் போட்டுதான் ஓடுது, நடு ஏரில நிறுத்தி டிரம்பெட் ஊதுவாங்க, பாறைல பட்டு திரும்பி வரும். கடைசி போட் எத்தனை மணிக்குன்னு இறங்கும்போதே பாத்து வெச்சுக்கோங்க. சால்ஸ்பர்க் ஸ்டேஷன் வரைக்கும் கூட டாய்ச்லாண்ட் டிக்கெட் செல்லும், ஆனா அது ஆஸ்திரியா, திரும்பி வரும்போது போலீஸ் ஏறி செக் பண்ணுவாங்க, பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் கைல இருக்கணும், போன்ல போட்டோ இருக்குன்னு சொன்னா ஆகாது.

மழை நாளா, ஞாயித்துக்கிழமை ஆல்ட பினகோதேக் ஓவிய மியூசியத்துல என்ட்ரி ஒரே ஒரு யூரோ. ட்யூரர்ங்கற ஓவியர் 1500ல தன்னையே வரைஞ்ச படம் ஒண்ணு இருக்கு, ஆள் நேரா கண்ணப் பாக்கற மாதிரி இருக்கும். ஹீட்டர் வேற நல்லா போட்டிருப்பாங்க. வெயில் அடிச்சா காசே இல்லாம ஒலிம்பியா பார்க் குன்று, போர்ல இடிஞ்ச கட்டட இடிபாட்ட குவிச்சு எழுப்பினது, தெளிவான நாள்ல மேலேர்ந்து ஆல்ப்ஸ் வரிசையா தெரியும்.

கோயில் வேணும்னு மனசு கேட்டா ஹாம் ஊர்ல காமாட்சி அம்பாள் கோயில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பினது, 2002ல கும்பாபிஷேகம் ஆச்சு, கோபுரத்தோட நம்மூர் கோயில் மாதிரியே இருக்கும், வருஷா வருஷம் தேர் ஓடும். மியூனிக்லேர்ந்து ஒரே நாள்ல போய்ட்டு வர்ற தூரம் இல்ல, லாங் வீக்கெண்ட் பாத்து வெச்சுக்கோங்க.

எங்க போனாலும் பாக்கெட்ல ஒரு யூரோ, ஐம்பது சென்ட் சில்லறை இருக்கட்டும், டாய்லெட்டுக்கு ஆகும், மலை மேல இருக்கற சில கடைல கார்டும் வாங்க மாட்டாங்க. சனிக்கிழமை கிளம்புறதா இருந்தா, காலைல போறதுக்கு முன்னாடியே பால் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போங்க, திரும்பி வர்ற ட்ரெயின் லேட்டாகும்.